கடைமடையின் குரல்

ரத்தத்தில் வரும் இன்சுலின் செல்லுக்குள் புகுந்து சர்க்கரையை எரிக்கிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது வெளியே நின்றபடியே தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத நேர்த்தி இது.

51 அமினோ அமிலங்களே கொண்ட சின்னஞ்சிறு புரதம் அது. செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று இருக்கும் ஏற்பி, கந்தகப் பிணைப்புகளால் முன்பே கட்டிப்போடப்பட்ட ஒரு ஜோடி. இன்சுலின் இல்லாத நேரத்தில் அந்த ஜோடி, வி என்ற எழுத்தைக் கவிழ்த்த மாதிரி கால் அகட்டி நிற்கிறது. இன்சுலின் வந்து பற்றியதும் தலைப்பகுதி விரிந்து, கால்கள் நெருங்கி, டி வடிவத்துக்கு வந்துவிடுகிறது. உறைகுளிரில் வைத்துப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இரண்டு கோலங்களையும் பார்க்க முடிகிறது. கால்கள் நெருங்குவதுதான் சேதி. செல்லுக்குள் நீளும் இரு முனைகளும், டைரோசின் என்ற அமினோ அமிலம் இருக்குமிடத்தில், ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிவிடுகின்றன. இன்சுலின் தன் ஏற்பியின் மீதே பாஸ்பேட் ஏறச் செய்கிறது என்று மசாட்டோ கசுகா, கார்ல்சன், ரொனால்ட் கான் ஆகியோர் 1982-இல் அறிவித்தார்கள். அந்தக் குறி ஏறிய பிறகு, தசைச் செல்லின் உள்ளே தயாராகக் கிடந்த குளுக்கோஸ் வாயில்கள் மேற்பரப்புக்கு எழுந்து வருகின்றன. புதிதாக எதையும் செய்யக் காத்திருப்பதில்லை.

இன்சுலினுக்கு உருவத்திலேயே நெருங்கிய உறவு ஒன்று உண்டு: இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி. பிட்யூட்டரி சுரக்கும் வளர்ச்சி ஹார்மோன் சொல்லித்தான் கல்லீரல் அதை உண்டாக்குகிறது. 1953-இல் டென்மார்க் மருத்துவர் பௌல்சன் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். சர்க்கரை நோயாளியான அவருக்குப் பிரசவத்துக்குப் பின் பிட்யூட்டரி பழுதாயிற்று. சர்க்கரையால் கெட்டிருந்த விழித்திரையோ தேறிவிட்டது. அதை நம்பிப் பார்வைக்காகப் பிட்யூட்டரியையே அகற்றிய காலமும் இருந்தது. கொடுமையான வைத்தியம். ஆனாலும் வளர்ச்சிச் சேதிக்கும் கண்ணுக்கும் தொடர்பு உண்டென்று ஒரே நோயாளியிடமிருந்து படித்துக்கொண்ட அந்தக் கூர்மையை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மதுரையில் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, சுகரால் பார்வை மங்கிப்போனவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஏறிக்கிடக்கும் சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களை அடைத்துவிடுகிறது. வைகைப் பாசனத்தில் கடைமடை வயலைப் பார்த்தவர்களுக்கு மற்றது தானாகவே விளங்கும். தண்ணீர் எட்டாத வயல்காரர் குரல் கொடுப்பார். அவசரத்தில் ஒரு வாய்க்கால் வெட்டுவார்கள். அதன் கரை நிற்காது, கசியும், உடையும். ஆக்சிஜன் எட்டாத விழித்திரை கொடுக்கும் குரலின் பெயர் ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணி. இப்படியொரு பொருள் இருந்தாக வேண்டும் என்று 1948-லேயே மைக்கேல்சன் ஊகித்திருந்தார். 1994-இல் பாஸ்டனின் ஜாஸ்லின் மையத்தில் ஐயெல்லோவும் சகாக்களும் 164 பேரின் கண்ணிலிருந்து எடுத்த 210 நீர் மாதிரிகளில் அதை அளந்தே காட்டினார்கள். லேசர் வைத்துக் குணம் தெரிந்த கண்களில் அளவு இறங்கியிருந்தது. லேசர் சுடுவது, பட்டினி கிடந்து கூப்பிடும் ஓரப் பகுதிகளைத்தான்.

நான் அதிகம் ரசிப்பது இன்னொன்றை. இந்தக் காரணிக்குரிய ஏற்பிகள் இன்சுலினுடையதைப் போல ஜோடியாகக் கட்டப்பட்டவை அல்ல, தனித்தனியே நிற்பவை. காரணியோ இரட்டை. ஒரு பக்கம் ஓர் ஏற்பியையும் மறுபக்கம் இன்னொன்றையும் பிடித்து அது பக்கத்தில் இழுக்கிறது. இழுத்ததும் நடப்பது அங்கே நடந்ததேதான்: டைரோசின்மேல் பாஸ்பேட். சர்க்கரையை உள்ளே விடச் சொல்லும் அதே கையெழுத்தில், பார்வையைக் கெடுக்கும் குழாய்களை வளர்க்கவும் எழுதப்படுகிறது.

கண்ணுக்குள் ஊசியா என்று பதறுவோருக்குப் போடப்படும் மருந்துகளில் ஒன்று பெவாசிசுமாப். முதலில் பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004-இல் அனுமதி பெற்றது. கண்ணுக்கு 0.05 மில்லி போதும். ஏற்பிகளைத் தொடுவதற்கு முன்பே காரணியை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. சில வாரங்களில் அதன் வீரியம் குறைந்ததும் விழித்திரை மறுபடி கூப்பிடத் தொடங்கிவிடும்; சொன்ன தேதிக்கு அடுத்த ஊசிக்கு வந்துவிடுங்கள் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது அதனால்தான்.