மலைபடுகடாத்தில் வருவோரும் வாழ்வோரும்

பத்துப்பாட்டினுள் 583 அடிகளான் இயன்ற மலைபடுகடாத்தைக் கூத்தராற்றுப்படை எனவும் வழங்குப. இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னனைப் பாடியது இது. ஆற்றுப்படை என்னும் அளவில் இதனை நோக்குவார், வழியின் அருமையும் புரவலன் கொடையுமே பொருள் எனக் கொண்டு, இடைப்பட்ட மலையொலிப் பகுதியை வருணனை மிகுதி என ஒதுக்குதல் கூடும். அஃது எமக்கு உடன்பாடன்று.

வழி கூறுவோன் சொற்கள் யாவும் மலையை அறியாத புதியோர்க்கு உரியவை. பன்றிக்கு அஞ்சி ஒடுங்கிய நெறிகளில் கல்லடார் மாட்டப்பட்டிருக்கும். ஆதலின் விடிந்தபின்னரே செல்லவேண்டும். பயம்புகளில் பாம்பு ஒடுங்கியிருக்கும். புனங்காவலர் யானைமேல் விடும் கவண்கல்லுக்கு மரத்தின் மறைவிலே ஒதுங்கவேண்டும். வழிகள் கூடும் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுக என்ற குறிப்பு, பின்வருவோரையும் எண்ணியது. நடந்து பழகினார்க்கன்றித் தோன்றாதது.

சிறுகுடியிலோ அச்சம் இல்லை. வாயிலில் நில்லாது கிளைஞர்போல் உட்புகலாம். ஊனும் தினைச்சோறும் கிடைக்கும். ஆயினும் அங்கே பலநாள் தங்கற்க, நிலநாட்டிற்குச் செல்க என்றும் உடன் கூறப்படுகிறது. குவளையைத் தொடினும், வரையரமகளிர் இருக்கையைக் காணினும் உயிர் நடுங்க நேரும் என்பதே காரணம். விருந்து இனிது, இருப்பு உரித்தன்று. இம்முரண் புலவர் அறியாது நேர்ந்ததோ?

அன்று என்பதற்குப் பாட்டின் வைப்புமுறையே சான்று. காட்டில் வழி தவறின் அகன்ற பாறைமேல் ஏறி இயங்களை இயக்குக என்கிறான் வழி கூறுவோன். அவ்வொலி கேட்டுக் கானவர் விரைந்து வருவர். பழம் தந்து முன்னே நடப்பர். இதனை அடுத்தே மலையொலிகள் தொடங்குகின்றன. அவற்றுள் முதலாவதாகிய அருவியாடும் மகளிர் எழுப்பும் ஓசைக்கு, கூத்தரின் இயமே உவமையாக்கப்படுகிறது. வந்தோர் ஒலியை மலைவாணர் கேட்டனர். இனி மலைவாணர் ஒலியை வந்தோர் கேட்கவேண்டும். இத்தொடர்பைக் காணாது பகுதியைத் தனித்து நோக்குவார்க்கு அது வெறும் பட்டியலாகவே தோன்றும்.

அவ்வொலிகளுள் பெரும்பாலன வழிப்போக்கன் செவிக்கு வெற்றாரவாரம். பொருள் அறிவார் அங்கு வாழ்வோரே. புலி பாய்ந்த கணவன் மார்பின் புண் ஆறக் கொடிச்சியர் பாடும் பாடலைத் தொலைவில் கேட்பவன் மகிழ்ச்சிப் பாடல் என்றே கொள்வான். வேங்கை முதனாட் பூத்தபோது எழும் மகளிர் பூசல் அவனை அஞ்சுவிக்கும்; ஆனால் அஃது ஏமப்பூசல். விடரில் வீழ்ந்த பார்ப்பிற்காக மந்தி சுற்றத்தொடு கதறுவதும், தினை குறுவோரின் வள்ளைப்பாட்டும் ஒரே காற்றில் வருகின்றன.

மலையை யானையாகவும் அதன்கண் பிறந்த ஓசையைக் கடாமாகவும் கொண்டதால் இப்பெயர் அமைந்தது என்பர் நச்சினார்க்கினியர். பெயர்க்காரணம் புரவலனிடத்து இல்லை என்பது கருதத்தக்கது. நன்னன் அவையைக் கூறும் இறுதிப் பகுதி மரபின் வழியே செல்வது. அதன்கண் இத்துணை உயிர்ப்பு இல்லை. தின்று எஞ்சிய பலாச்சுளையிலிருந்து விதை கொள்ளக் கன்றுகளைப் பிணைத்து, காந்தள் மடலால் ஓச்சிக் கடாவிடும் சிறுவரின் ஓசையைக் கேட்ட செவி, அம்மலையில் பலநாள் தங்கிய செவியே ஆதல் வேண்டும்.