உதிர்ந்த மலரும் உதிரும் மலரும்

பத்துப்பாட்டுள் எட்டாவதாக வைத்து எண்ணப்பெறுவது குறிஞ்சிப்பாட்டு. வடநாட்டு மன்னன் பிரகதத்தனுக்குத் தமிழின் சுவையை உணர்த்தக் கபிலர் இதனைப் பாடினார் என்பது வழிவழி வந்த செய்தி. 261 அடிகளான அப்பாட்டிலே புலவர் இலக்கணம் கற்பிக்கவில்லை. மன்னனுக்கு உவப்பான போரையும் பாடவில்லை. தினைப்புனம் காக்கச் சென்ற இரு பெண்களின் ஒருநாட் பொழுதை எடுத்துக்கொண்டார்; அருவியாடியபின் அவர்கள் பறித்துப் பாறைமேல் குவித்த 99 மலர்களின் பெயர்களை அடுக்கினார். அயலான் ஒருவனுக்குத் தமிழ் கற்பிக்க மலையும் மலருமே தக்க பாடம் என்று அப்பெரும் புலவர் தேர்ந்தது சிந்திக்கத்தக்கது.

வடபுலத்திலே வாழும் நமக்கு இச்செய்தி வெறும் பழங்கதை அன்று. இங்குப் பிறந்து வளரும் நம் குழந்தைகள் இன்று பிரகதத்தனின் இருக்கையிலே அமர்ந்திருக்கின்றனர். நம் விழா மேடைகளில் ஒரு சிறுமி அந்த 99 பெயர்களையும் மூச்சுவிடாது ஒப்பிக்கிறாள், அரங்கம் கையொலியால் அதிர்கிறது, நாமும் மகிழ்கிறோம். ஆயினும், அவற்றுள் எத்தனை மலர்களை அக்குழந்தை கண்டிருக்கும்? பெற்றோராகிய நாம்தாம் எத்தனை கண்டோம்? இவ்வினாவை ஒரு திறனாய்வு வினாவாகவே ஈண்டு எழுப்ப விரும்புகிறோம். மலையின் பருவம் மாறிவரும் இந்நாளில் குறிஞ்சித் திணைப் பாடல்களை நாம் எவ்வாறு படிக்க வேண்டும் என்பதே நம் ஆய்வுப் பொருள்.

பட்டியலா, சாட்சியமா?

குறிஞ்சிப்பாட்டின் மலரடுக்கைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. கதையோட்டத்தைத் தடுக்கும் வெற்றுப் பட்டியல் அது என்பார் ஒருசாரார். தாமரையும் நெய்தலும் முல்லையும் ஒரே மலையில் ஒரே நாளில் எங்ஙனம் கிடைக்கும் என்றும் அவர்கள் வினவுவர். மற்றொரு சாரார், இத்தனை மலர்ப்பெயர்களை ஒருங்கே தந்த மொழி எது என்று பெருமிதம் கொள்வர். முன்னவர் குறை காண்கின்றனர், பின்னவர் புகழ்கின்றனர். எனினும் இருசாராரும் ஒன்றில் உடன்படுகின்றனர்: மலர்களைப் பெயர்களாக மட்டுமே பார்க்கின்றனர்.

பாட்டில் இம்மலர்களைச் சொல்பவள் தோழி, கேட்பவள் செவிலி. தலைவியின் காதலை வெளிப்படுத்தி அறத்தொடு நிற்கும் தோழி, அன்று நிகழ்ந்தவற்றை ஒன்றும் விடாது சொல்லியாக வேண்டிய நிலையில் இருக்கிறாள். செவிலியும் மலையிலே பிறந்து வளர்ந்தவள். எந்தப் பூ எந்தச் சரிவிலே மலரும், எந்தப் பருவத்திலே மலரும் என்பதை அறிந்தவள். ஆகவே மலர்ப்பெயர்கள் அங்கே சாட்சியம் ஆகின்றன. சொல்பவளும் கேட்பவளும் ஒரே மலையை அறிந்திருப்பதால்தான் அச்சாட்சியம் செல்லுபடியாகிறது. நாமோ மலையை அறியாத செவிலியராய் இருந்து அப்பாட்டைக் கேட்கிறோம்.

பி. எல். சாமி அவர்கள் 1967இல் வெளியிட்ட ‘சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்’, கு. சீநிவாசன் அவர்களின் ‘சங்க இலக்கியத் தாவரங்கள்’ முதலிய நூல்கள் இக்குறையை நீக்க முயன்றவை. இலக்கியப் பெயரை உயிருள்ள செடியோடு பொருத்திக் காட்டிய அவர்தம் உழைப்பு, உரையாசிரியர் பணிக்கு ஒப்பானது. ஆனால் நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் அந்நூல்கள் பெற்ற இடம் சிறிதே.

கணியாக நின்ற வேங்கை

மலையகத் தாவரங்கள் சங்கப் பாட்டில் வெறும் அழகுப்பொருள்கள் அல்ல என்பதற்கு வேங்கை ஒன்றே சான்று. வேங்கை பூத்தால் தினை முற்றிற்று என்பது குறவர் கணக்கு. தினை முற்றினால் கதிர் கொய்வர். கொய்தபின் புனங்காவல் இல்லை. காவல் இல்லையேல் தலைவி வீட்டைவிட்டு வெளியே வர வழியில்லை. பகற்குறிச் சந்திப்பு அதனோடு முடிந்துபோம். ஆகவே வேங்கையின் பொன்னிறப் பூவைக் கண்டு தோழி அஞ்சுகிறாள். மணத்தை விரைவுபடுத்துமாறு தலைவனை நெருக்குகிறாள். நாள் குறிக்கும் கணியன் ஒருவனாகவே அம்மரத்தைப் புலவர்கள் கண்டனர். ‘கணிவேங்கை’ என்ற வழக்கும் உண்டு.

இங்கே ஒரு மரம் பூப்பதைப் பற்றி உழவும் உணவும் காதலும் திருமணமும் சங்கிலிபோல் தொடர்ந்து வருகின்றன. அம்மரம் பூக்கும் நாள் பிறழுமாயின் சங்கிலி முழுவதும் ஆடும். மலைச்செடியின் பண்பாட்டுப் பயன் என்று இன்று அறிஞர் கூறுவதில் சூடுதல், உண்ணுதல், மருந்தாக்குதல் ஆகியவை மட்டும் அடங்கா; காலத்தை அறிதலும் அடங்கும். பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியைக் கொண்டு மலைவாழ் மக்கள் தம் வயதைக் கணக்கிட்டனர் என்று சொல்லப்படுவதும் இவ்வகையைச் சார்ந்ததே.

பொழுதும் முதற்பொருளே

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை முதலியன கருப்பொருள். காதலின் பல நிலைகளாகிய ஒழுக்கமே உரிப்பொருள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுதுகள், யாமம் சிறுபொழுது. இவ்வமைப்பை நாம் பள்ளிப் பருவத்திலேயே மனப்பாடம் செய்தோம். ஆயினும் பொழுதை நிலத்தோடு ஒருங்கு வைத்து முதற்பொருள் என்றதன் ஆழத்தை இன்றுதான் உணர்கிறோம். நிலம் அப்படியே இருக்க, பொழுது மட்டும் மாறினாலும் முதல் மாறிவிட்டது என்பதே அதன் பொருள்.

முன்பனியையே எடுத்துக்கொள்வோம். நீலகிரி, பழனி மலைகளின் உச்சிப் பகுதிகளில் சோலைக்காடும் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருக்கும். குறிஞ்சிப் புதர் செறிவது அப்புல்வெளிச் சரிவுகளில். பனிக்காலத்து இரவுகளில் புல்வெளியிலே உறைபனி படிவதால் மரக்கன்றுகள் அங்கே வேரூன்ற இயலாமற் போகின்றன. அதுவே புல்வெளி புல்வெளியாக நிலைப்பதற்கு ஒரு காரணம் என்பர் இயற்கை நூலார். மலை வெம்மையுற்று உறைபனி குறையுமாயின் அக்காவல் தளரும். குறிஞ்சிக்கு முன்பனியை உரிமையாக்கிய பழைய நூற்பாவின் உண்மையை இங்கே மலையே மெய்ப்பிக்கிறது.

வெம்மை மிகும்போது குளிர் விரும்பும் செடியினங்கள் மெல்ல மெல்ல மேலேறுகின்றன. இமயத்திலே ஏறுவதற்கு இன்னும் உயரம் உண்டு. தென்மலைகளிலோ தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். அதற்குமேல் வானமே உள்ளது. உச்சியில் வாழும் செடிக்குப் புகலிடம் இல்லை.

ஆயினும் எல்லாக் குற்றத்தையும் பருவநிலையின் மேல் ஏற்றுதல் நேர்மையாகாது. பழனி மலைப் புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நாற்பதாண்டுகளில் மறைந்ததாக 2018இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது. அதற்குக் காரணம் மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே. சீகையும் தைலமரமும் நட்டவர்கள் மனிதர்கள். நிலத்தை முதலில் நாம் சுருக்கினோம். இப்போது பொழுதும் மாறுகிறது. முதற்பொருளின் இரு கூறுகளும் ஒருங்கே தாக்குறுகின்றன.

இமயத்துக் கணி

நாம் வாழும் வடபுலத்திலிருந்தே ஒரு சான்று காட்டலாம். இமயச் சரிவுகளில் புராஞ்சு எனப்படும் செம்மலர் மரத்தை நம்மில் பலர் கோடைப் பயணங்களிலே கண்டிருப்போம். அதன் சாற்றைப் பருகியும் இருப்போம். உத்தராகண்ட மாநிலத்தின் மரம் அதுவே. அதே இனத்தின் ஒரு வகை நீலகிரியிலும் பழனியிலும் வளர்கிறது. நம் மக்கள் அதனைக் காட்டுப்பூவரசு என்பர். வடமலையையும் தென்மலையையும் இணைக்கும் உறவு மரம் அது.

உத்தராகண்டத்திலே பங்குனி முதல் நாளையொட்டி ‘பூல்தேயி’ என்னும் விழா நடைபெறும். விடியற்காலையில் குழந்தைகள் புராஞ்சு முதலிய மலர்களைக் கொய்துவந்து வீடுதோறும் வாயிற்படியில் இட்டு வாழ்த்துவர். இம்மரம் பூக்கும் பருவம் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதம் முந்திவிட்டதாக 2014இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. பண்டு பறித்து உலர்த்தித் தாள்களில் ஒட்டி, நாளும் இடமும் குறித்து வைத்த செடிகளைக் கொண்டே அக்கணிப்பு செய்யப்பெற்றது. விழா நாளோ மாறவில்லை. தை மாதத்திலேயே பூத்து உதிரும் மலரைப் பங்குனியில் எந்தக் குழந்தை கொண்டுவரும்? தினைப்புனத்து வேங்கையைப் போலவே இதுவும் ஒரு கணி. இன்று நாள் தவறிச் சொல்லும் கணி.

ஒரு தடை, ஒரு விடை

இங்கே கற்றவர் ஒரு தடை எழுப்பலாம். ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் தமக்குரிய நிலத்திலும் பொழுதிலும் வாராது பிறிதோரிடத்து வந்தாலும், வந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் எனத் தொல்காப்பியரே இடந்தந்துள்ளாரே. பருவம் தவறிப் பூத்த மலரைப் பற்றி இலக்கியம் கவலுவானேன் என்பது அத்தடை. குறிஞ்சிப்பாட்டிலே நெய்தலும் தாமரையும் கலந்து வருதற்கு இவ்விதி தக்க அரணாகும்.

ஆனால் அவ்விதி புலவனுக்குத் தந்த உரிமை. மலைக்குத் தந்த விலக்கு அன்று. அகப்பாட்டு நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்பது அவர் கொள்கை. உலகியல் உறுதியாக நிற்கும்போதுதான் நாடகம் அதிலிருந்து விலகிச் சுவை பயக்கும். முறைப்படி பூக்கும் மலை ஒன்று இருந்தால்தான் முறை மாறிப் பூத்த மலரால் பாட்டிலே பொருள் விளையும். மலையே முறை மறந்துவிட்டால் புலவன் எதனின்று விலகுவான்?

ஏட்டிலும் மலையிலும்

உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட முனைந்தபோது, அவருக்குக் கிடைத்த சுவடிகளில் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பெயர்கள் சில சிதைந்து மறைந்திருந்தன. விடுபட்டவற்றைத் தேடி அலைந்து, தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டெடுத்தார். ‘உதிர்ந்த மலர்கள்’ என்று தலைப்பிட்டு அவ்வனுபவத்தை அவர் எழுதியதை நம்மில் பலர் படித்திருக்கிறோம். ஓரேட்டில் உதிர்ந்த மலர் வேறோர் ஏட்டில் கிடைத்தது. மலையிலே ஓர் இனம் உதிர்ந்துவிட்டால் அதைத் தேடிச் செல்ல எந்த மடத்திலும் மறுபடி இல்லை.

எனவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். குழந்தைகள் 99 மலர்ப்பெயர்களையும் ஒப்பிக்கட்டும். அதனோடு, அவற்றுள் ஐந்து மலர்களையேனும் கண்ணாற் கண்டு, எங்கே எந்த நாளில் பூத்தது என்று குறித்துவரும் குழந்தைக்கும் பரிசு வழங்குவோம். இமயத்துப் புராஞ்சு முதன்முதலாய்ப் பூத்த நாளை ஆண்டுதோறும் அவர்கள் ஓர் ஏட்டில் எழுதிவரட்டும். அக்குறிப்புகள் பின்னொரு நாளில் ஆய்வாளர்க்கும் பயன்படும். நீலக்குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது; முறைப்படி 2030இல் மீண்டும் பூக்க வேண்டும். அவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நாம், உறவினர் வீடுகளோடு நின்றுவிடாமல் குழந்தைகளைக் கோடைக்கானல் சரிவுகளுக்கும் அழைத்துச் செல்வோம். கபிலரின் பாட்டை அங்கே ஒருமுறை உரக்கப் படிப்போம். மலர் பூத்திருந்தால் பாட்டின் பொருள் விளங்கும். பூக்காதிருந்தால் நம் கடமை விளங்கும்.