நரம்பு: யாழும் உடலும்

அறிவியலில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும். ‘நரம்பு’ போல்வன பல பொருள் தந்து மாணவரை மயக்குதலின் தமிழ் அறிவியலுக்கு ஏலாது என்று கூறுவாருளர். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு ஆங்கிலத்துக்கு மாறிய அறிவியற்பாடம், 2009இல் எடுத்த முடிவின்படி தமிழுக்கு மீண்டது. ஆதலின் இக்கூற்றை ஆராய்ந்து தெளிதல் தமிழாசிரியர் கடனாம்.

பண்டைத் தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தி. தொல்காப்பிய நூன்மரபின் இறுதி நூற்பா இசைநூலையே நரம்பின் பெயரால் சுட்டுகிறது. உடலுக்கும் இச்சொல் வழங்கிற்று. புறநானூற்று 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார், முதிய தாயொருத்தியின் மெலிந்த தோளில் நரம்பு புடைத்திருத்தலைக் காட்டுகிறார். மெலிந்த உடலில் அவ்வாறு புடைத்துத் தெரிவன சிரையும் தசைநாணுமே. உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்பு அன்று. உடலியற் பொருளை இப்பாட்டில் ஏற்றினால், புலவர் பிழைபட்டார் என்றே மாணவன் எண்ணுவான். இரத்தம் எடுக்க ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்று இன்றும் மக்கள் சொல்வது அறியாமையன்று. அப்பழைய வழக்கின் தொடர்ச்சியே.

இம்மயக்கம் தமிழுக்கே உரியதோ எனின், அன்று. கிரேக்கரின் ‘நியூரோன்’ என்னும் சொல்லும் முதலில் தசைநாணையும், வில்நாணையும், யாழ் போன்ற கருவியின் தந்தியையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் உடலை அறுத்து ஆராய்ந்த ஹெரோபிலஸ் முதலியோர், உணர்ச்சிக்குரிய நரம்பை வேறு பிரித்து அறிந்தனர். பொருள் பிரிந்தது, சொல் பிரியவில்லை. 1758இல் லின்னேயஸ் ஒரு பூச்சி வரிசைக்கு ‘நியூரோப்டெரா’ எனப் பெயரிட்டார். மணலிற் குழி பறிக்கும் குழியானை அவ்வரிசையைச் சேர்ந்த பூச்சியின் இளம்பருவம். அப்பெயர் சுட்டுவது உணர்ச்சியையன்று. சிறகில் வலைபோல் ஓடி அதனைத் தாங்கும் நுண்குழல்களையே. ஆங்கிலமோ இலையில் ஓடுவதை இரத்தக்குழாயின் பெயரால் அழைக்கிறது. இலையில் இரத்தமா ஓடுகிறது?

உதிர்ந்த ரப்பர் இலை மட்கியபின் வலைபோல எஞ்சும் நரம்பைப் பேராக் தோட்டப்புறப் பிள்ளைகள் நன்கு அறிவர். அது நீரையும் உணவையும் கடத்தியது. யாழ், தோள், சிறகு, இலை ஆகிய நான்கிலும் தொழில் வேறு. நீண்டு மெலிந்து இழைபோல் ஓடும் வடிவம் ஒன்றே. அவ்வடிவ ஒப்புமையே இப்பொருள்களை இணைக்கிறது. அறிவியல் பின்னர் வந்து, ஒரு துறையில் அதனைத் தொழிற்பெயராக்கிக்கொண்டது.

எனவே, சொல்லை மாற்றுதல் வேண்டா. அடை கொடுத்தல் போதும். யாழ்நரம்பு, இலைநரம்பு, சிறகுநரம்பு என விளங்கச் சொல்லுக. மனித உடலியலில் மட்டும் நரம்பு, சிரை, தமனி, தசைநாண் என்பவற்றை இம்மியும் கலவாது வழங்குக. இலக்கிய வகுப்பில் எப்பொருள், அறிவியல் வகுப்பில் எப்பொருள் என்று ஆசிரியர் பிரித்துக் காட்டாமைதான் குறை. அக்குறையைத் தமிழின்மேல் ஏற்றுதல் முறையன்று.