பெட்டிக்குச் சக்கரம் எதற்கு?

ஜவ்வாது மலையில் எழும் புது வீடுகளில் ஒரு குறை கண்ணை உறுத்தும். சுவர் உறுதி, கூரை உறுதி, ஆனால் சாமை மூட்டைக்கு இடமில்லை. 2011-இல் அறிவிக்கப்பட்ட பசுமை வீடு 300 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. கூடம், சமையல், படுக்கை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 2006-க்குப் பின் அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியும், 2011-க்குப் பின் கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியும் அங்கேதான் இருந்தாக வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய பீரோவும் கட்டிலும் போக மிஞ்சும் தரையில் சாமை, கேழ்வரகு, கொள்ளு, புளி மூட்டைகள் அடுக்கப்படுகின்றன. ஆட்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

பழைய மண்வீட்டில் அடுப்புக்கு மேலே பரண் இருந்தது, வாசலில் தானியம் சேமிக்கும் குதிரோ தொம்பையோ நின்றது. கான்கிரீட் வீட்டின் வரைபடத்தில் இரண்டுக்கும் இடமில்லை. ஆகவே, சாமானை எங்கே வைப்பது என்ற கேள்வி இந்த மலையின் புதூர்நாட்டில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களுக்குப் பொருள் பெருகியதால் மட்டும் வந்ததல்ல. வீட்டின் வடிவம் மாறியதிலும் பாதிக் காரணம் இருக்கிறது.

சமவெளியில் இதற்கு ஒரு பதில் பரவிவருகிறது. பழைய கப்பல் கன்டெய்னரை வாங்கித் தோட்டத்தில் இறக்கிவிடுவது அல்லது மூடிய சரக்கு டிரெய்லர் ஒன்றை வாங்கிச் சாமானைப் போட்டுப் பூட்டிவிடுவது. நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையிலிருந்து கட்டுமான இடத்து அலுவலகம் வரை இரும்புப் பெட்டிகள் ஏற்கெனவே வேலை செய்கின்றன. வீட்டுப் பொருளையும் அப்படி வைத்தால் என்ன என்று கேட்பது நியாயம்தான். மலைமேல் அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டிரெய்லரில் சாமான் வைக்கும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1945-இல் லியோனார்ட் ஷோன் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம், வீடு மாற்றுகிறவர்களுக்கு டிரெய்லரை வாடகைக்கு விட்டே வளர்ந்தது. சொந்தமாகவே ஒன்றை வாங்கி வீட்டுப் பின்புறம் நிறுத்தி, கிடங்குபோலப் பயன்படுத்தும் வழக்கமும் அங்கே உண்டு. கிடங்கு வாடகை மிச்சம். வீடு மாறும்போது மறுபடி ஏற்றி இறக்கும் வேலை இல்லை. வாடகை வீட்டுக்காரர், சொந்த நிலத்தில் கட்டடம் எழுப்ப முடியாதவர், ஓரிரு ஆண்டுகளில் ஊர் மாறப் போகிறவர் ஆகியோருக்கு அது உண்மையிலேயே உதவும். அந்த வசதியைக் குறைத்துச் சொல்ல முடியாது.

ஆனால் சரக்குப் பெட்டியின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. லாரி முதலாளியான மால்கம் மெக்லீன், 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல்-எக்ஸ் என்ற கப்பலில் 58 பெட்டிகளை நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அவை டிரெய்லர்களின் உடற்பகுதிகள். சக்கரங்களைக் கழற்றிக் கரையிலேயே விட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கப்பலில் ஏற்றினார்கள். உலக வணிகத்தையே மாற்றிய கன்டெய்னர், சக்கரத்தை விட்டுப் பிரிந்த பிறகுதான் பிறந்தது. நகர வேண்டிய நேரத்துக்கு மட்டும் சக்கரம், நிற்கும் நேரத்துக்குப் பெட்டி என்ற அந்தக் கணக்கு, பத்து மூட்டை சாமை வைத்திருக்கும் குடும்பத்துக்கும் செல்லும்.

அமெரிக்காவில் ஆறடி அகலம், பன்னிரண்டடி நீளமுள்ள மூடிய டிரெய்லர் ஒன்று வெறுமையாகவே ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். ஓர் அச்சு மட்டுமுள்ள வகைக்குப் பெட்டியும் பாரமும் சேர்ந்து 1,350 கிலோவைத் தாண்டக் கூடாது. அதாவது, சாமான் 750 கிலோ. 2005-இல் சந்தைக்கு வந்த டாடா ஏஸ், நம்மூர்க் குட்டியானை, சுமப்பதும் கிட்டத்தட்ட அதே 750 கிலோதான். அதற்கு எஞ்சினும் ஓட்டுநரும் சேர்ந்தே வருகின்றன. ஒருநாள் வாடகைக்குப் பிடித்தால் வேலை முடிந்தது. சக்கரம் இவ்வளவு எளிதாக வாடகைக்குக் கிடைக்கும் ஊரில், ஆண்டு முழுதும் அசையாமல் நிற்கப்போகும் பெட்டிக்குச் சொந்தச் சக்கரம் வாங்குவது வீண் செலவு.

செலவு அதோடும் நிற்பதில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு தனி மோட்டார் வாகனம். சாலையில் இறங்க அதற்கும் பதிவெண் வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலும் டயர் பழசாகும். வெயில் பட்டுப் பக்கவாட்டு ரப்பரில் விரிசல் விழும், ஐந்தாறு ஆண்டுகளில் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிடும். அச்சின் தாங்கிகளில் துரு ஏறும். என்றோ ஒருநாள் நகர்த்தலாம் என்று வாங்கிய வசதி, அந்த நாள் வரும்போது நகராமல் நிற்கக்கூடும்.

இழுப்பதும் லேசல்ல. மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் விழ வேண்டும். அதற்காகச் சாமானில் 60 சதவீதத்தை அச்சுக்கு முன்னால் அடுக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும், இறக்கத்தில் முன் வண்டியைத் தள்ளும். நம்மூர்ச் சிறிய கார்கள் இழுவைக் கொக்கியோடு தொழிற்சாலையை விட்டு வருவதில்லை. டிராக்டரின் டிரெய்லரோ மேலே மூடாத பெட்டி, அதில் நிரந்தரமாகச் சாமான் வைக்க வழியில்லை. திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு வளைந்து வளைந்து ஏறும் சாலையில் பாரவண்டி என்ன செய்யும் என்பதை இந்த மலைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஏப்ரலில் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் இப்பகுதியில் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். அது டிரெய்லர் அல்ல, அதில் இருந்ததும் சாமான் அல்ல. இருந்தாலும், பின்பாரத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு இந்த ஏற்றத்தில் பழகிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் அதை மறந்துவிடக் கூடாது.

சரி, சக்கரம் வேண்டாம், பெட்டி மட்டும் போதும் என்றால்?

இருபதடிக் கன்டெய்னரின் உள்தரை ஏறத்தாழ 150 சதுர அடி, பசுமை வீட்டில் சரிபாதி. பூட்டு உறுதியானது, எலி நுழையாது, கறையான் இரும்பைத் தின்னாது. ஆண்டில் பல மாதம் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு அந்தப் பூட்டு பெரிய நிம்மதி. ஆனால் வெறும் பெட்டியே இரண்டு டன்னுக்கு மேல். லாரியும் கிரேனும் மலைச்சாலையில் ஏறி, அங்கிருந்து குக்கிராமத்துக் கொல்லை வரை போனால்தான் அது வந்து சேரும். பாதி ஊர்களுக்கு அந்த ஒரு காரணத்தாலேயே கணக்கு முடிந்துவிடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஈரம். இந்த மலையிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. இரவில் காற்றின் ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எந்த வானாய்வகத்திலும் குவிமாடத்தை மூடிவிடுவார்கள். குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும் என்ற பயம்தான் காரணம். இரும்புப் பெட்டியின் கூரைக்கும் அதே கதிதான். பகலில் வெயில் அதைக் காய்ச்சுகிறது, உள்ளே இருக்கும் மூட்டையும் துணியும் ஈரத்தை வெளியே விடுகின்றன. இரவில் தகடு குளிர்ந்ததும் அந்த ஈரம் கூரையின் உட்புறம் துளியாகத் திரண்டு சாமான் மேலேயே சொட்டுகிறது. கப்பல் துறையினர் இதைக் கன்டெய்னர் மழை என்றே சொல்வார்கள். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி நனைக்கும் மலையில், காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் மெத்தை பூஞ்சை பிடிக்கும், சான்றிதழ்க் காகிதம் ஒட்டிக்கொள்ளும், சாமை கட்டிதட்டும்.

மலைக்காரர்கள் கண்ட தொம்பை இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. மூங்கிலைப் பிளந்து பின்னி, உள்ளும் புறமும் மண்ணும் சாணமும் பூசி, கற்கள்மேல் நிறுத்தி, தலையில் புல் வேய்ந்தார்கள். மண்சுவர் ஈரத்தை உறிஞ்சும், வறண்ட நாளில் திருப்பிக் கொடுக்கும். பகலின் சூடு உள்ளே போகச் சுவரே விடாது. தூக்கி நிறுத்திய அடிப்பகுதி தரையின் ஈரத்தைத் தடுத்தது. தானியத்தோடு வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டால் பூச்சி குறையும். விதைக்கு வைத்தது அடுப்புப் புகை படும் பரணுக்குப் போயிற்று. சாமையும் இதற்குத் தோதான தானியம். உமி நீக்காமல் காயவைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் கெடாது, அரிசியாக்கிவிட்டால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும்.

இதைக் கேட்டு முன்னோர் அறிவு என்று கைதட்டிவிட்டுப் போவது எளிது. தொம்பையின் குறைகளும் சின்னவை அல்ல. எலி மண்ணைத் துளைக்கும். கறையான் மூங்கிலில் ஏறும். ஒரு தீப்பொறி போதும், புல்கூரையோடு ஓராண்டு உழைப்பும் போய்விடும். அடிக்கடி மெழுக வேண்டும், கூரையை மாற்றி வேய வேண்டும். வீட்டார் ஆறு மாதம் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தால் அந்த வேலையை யார் செய்வது? பூட்டு போட முடியாது. மூங்கிலை வனத்திலிருந்து எடுக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தருகிறது. பின்னத் தெரிந்த கைகளை அந்தச் சட்டத்தால் தர முடியாது. முக்கியமாக, தொம்பை தானியத்துக்கானது. மிக்சியையும் பள்ளிச் சான்றிதழையும் அதற்குள் போட முடியாது.

இரண்டு பக்கமும் நடக்கும் பிழை இதுதான்: எல்லாச் சாமானையும் ஒரே இடத்தில் வைக்கப் பார்ப்பது. தானியம் ஈரத்தை விடும் பொருள். துணி, மெத்தை, காகிதம் ஈரத்தை வாங்கும் பொருள்கள். இரண்டையும் ஒரே இரும்புப் பெட்டியில் பூட்டினால் ஒன்று மற்றதைக் கெடுக்கும். டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய பூசா தொட்டி இங்கே நல்ல முன்மாதிரி. இரண்டு மண்செங்கல் சுவர்களுக்கு நடுவே பாலித்தீன் தாள், அவ்வளவுதான். மண்ணின் குளிர்ச்சி அப்படியே இருக்கிறது, ஈரத்தைத் தாள் தடுக்கிறது. எலிக்காக அடியில் சுட்ட செங்கல் வைத்தால் தொம்பையின் பாதிக் குறை தீர்ந்தது. இதற்குக் கிரேன் வேண்டாம், பதிவெண் வேண்டாம்.

பெட்டிதான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களும் இருப்பார்கள். சாலையோரத்தில் நிலமும் லாரி வந்து திரும்ப இடமும் உள்ளவர்கள், அல்லது பல குடும்பங்கள் சேர்ந்து வாங்கும் குழுக்கள். அவர்கள் பழைய கன்டெய்னருக்குள் நின்று, கதவைச் சாத்தச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அங்கே மழை இறங்கும். கதவோரத்து ரப்பர் பட்டை வெடித்திருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். தரைப் பலகைக்குப் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், அதன்மேல் தானியத்தை நேரடியாக வைக்கக் கூடாது. முன்பு அதில் என்ன சரக்கு போனது என்று கேட்டுவிடுவது நல்லது. இறக்கும்போது நான்கு மூலைக்கும் கான்கிரீட் கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்த வேண்டும். சுவரில் மேலும் கீழுமாகக் கம்பிவலை அடித்த காற்றுத் துளைகள் வேண்டும். கூரைக்கு மேலே ஓரடி இடைவெளி விட்டு ஓலையோ தகடோ வேய்ந்தால், பாதிச் சூடும் பாதித் துளியும் குறையும். சாமானைச் சுவரை ஒட்டி அடுக்காமல் ஒரு சாண் தள்ளி அடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டரை அதற்குள் வைக்கவே கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு அந்தப் பெட்டி எப்படி இருக்கும்? கல்மேல் நிற்கும், மேலே கூரை வேய்ந்திருக்கும், காற்று உள்ளே போய் வரும். கிட்டத்தட்ட ஒரு பெரிய தொம்பை, கூடவே ஒரு பூட்டு. அந்தப் பூட்டு ஒன்றுக்காக மலையேற்றி வரும் இரண்டு டன் இரும்பு, தனிக் குடும்பத்துக்குக் கட்டாது. ஊருக்குப் பொதுவான சாமைக் கிடங்காக வேண்டுமானால் கட்டும்.

செய்ய வேண்டியதை வீட்டுத் திட்டத்திலேயே செய்திருக்கலாம். மலைக்கிராமங்களுக்கான வீட்டு வரைபடத்தில் சமையலறை மேலே ஒரு கான்கிரீட் பரணும், பின்சுவரை ஒட்டிக் கதவோடு ஆறுக்கு நான்கடியில் ஒரு தானிய அறையும் சேர்த்தால், மொத்தச் செலவில் அது சிறு பங்குதான் வரும். ஊரக வளர்ச்சித் துறை அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்கு முன் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊராட்சிகளில் ஒரு கிராமசபையைக் கூட்டி, எந்த வீட்டில் எத்தனை மூட்டை எங்கே கிடக்கிறது என்று கேட்டுவிட்டு அந்த வரைபடத்தைத் திருத்த வேண்டும்.