ஒரே ஒரு குழந்தை

1985-ல் மிச்சிகனிலிருந்து ராபர்ட் பார்ட்லெட் குழு வெளியிட்ட எக்மோ ஆய்வை மறுபடி படிச்சேன். மூச்சு விடவே முடியாத பச்சிளங்குழந்தையின் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உடம்புக்குள் அனுப்புறதுதான் எக்மோ. அதுவரை நுரையீரலுக்கு ஓய்வு.

ஆய்வு முறை நல்ல மனசோட உருவானது. எந்தச் சிகிச்சையில் குழந்தை பிழைக்கிறதோ, அடுத்த குழந்தைக்கு அதுவே கிடைக்கும் வாய்ப்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முடிவு? எக்மோவில் 11 குழந்தைகள், எல்லோரும் பிழைத்தார்கள். வழக்கமான சிகிச்சைக்குப் போனது ஒரே ஒரு குழந்தை, அது இறந்துபோச்சு.

என் சிக்கல் இங்கேதான். ஒரு குழந்தையை வச்சு எப்படி ஒப்பிடுறது? அது மற்றவர்களைவிட மோசமான நிலையில் வந்திருக்கலாமே என்று கேட்டால், இந்த எண்களிடம் பதில் இல்லை.

அதனால் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டியதாச்சு. 1989-ல் வெளியான பாஸ்டன் ஆய்வின் முதல் கட்டத்தில் வழக்கமான சிகிச்சை பெற்ற 10 பேரில் 4 பேர் இறந்தார்கள். எக்மோ பெற்ற 9 பேரும் பிழைத்தார்கள். அதுவும் சின்ன எண்தான். பிறகு பிரிட்டனில் 185 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் ஏறக்குறைய சரிபாதியாகப் பிரித்தார்கள். 1996-ல் முடிவு வந்தது: எக்மோ பக்கம் 93-ல் 30 இறப்பு, மறுபக்கம் 92-ல் 54.

பார்ட்லெட் நம்பியது சரிதான். ஆனா அவருடைய ஆய்வு அதை நிரூபிக்கலை. ஒரு குழந்தையைக்கூட இழக்கக் கூடாதுன்னு நினைச்ச இரக்கம், கேள்வியை முடிக்காமல் அடுத்து வந்த குழந்தைகள் தலையில் கட்டிட்டுப் போயிடுச்சு.