காட்சித் தூண்டலும் குருதிக் குறிகையும்: காலப்போக்கை வாசிப்பதில் உள்ள இடர்கள்

காட்சித் தூண்டலுக்குப் பின் மூளைப் படிமத்தில் தோன்றும் மாற்றங்களை நரம்பணுக்களின் நேரடிப் பதிவாகக் கொள்ளும் போக்கு ஆய்வுகளில் தொடர்ந்து காணப்படுகிறது. எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்சார் காந்த ஒத்ததிர்வுப் படிமம் அளப்பது நரம்பணுவின் மின்துடிப்பை அன்று; அதனைத் தொடர்ந்து நிகழும் குருதி மாற்றத்தையே. இவ்வேறுபாடு முன்னுரைகளில் ஏற்கப்பட்டாலும் முடிவுரைகளில் மறக்கப்படுகிறது.

உயிர்வளி இழந்த ஹீமோகுளோபின் தன்னைச் சூழ்ந்த காந்தப்புலத்தைக் குலைக்கும் இயல்புடையது. 1990இல் செய்ஜி ஒகாவா குழுவினர் எலிகளின் மூளையில் இவ்வியல்பைப் படிம வேறுபாடாகக் காட்டினர். 1992இல் மனிதரின் பார்வைப் புறணியிலும் அது பதிவு செய்யப்பட்டது. காட்சித் தூண்டலின்போது குருதியோட்டம் ஏறத்தாழ 50 விழுக்காடும் உயிர்வளி நுகர்வு 5 விழுக்காடும் உயர்வதை ஃபாக்ஸ், ரைக்கிள் முதலானோர் 1988இலேயே பாசிட்ரான் உமிழ்வு வரைவியல் வழிக் கண்டிருந்தனர். நுகர்வை விஞ்சிக் குருதி வருவதால் உயிர்வளி இழந்த ஹீமோகுளோபினின் அளவு குறைகிறது, குறிகை உயர்கிறது.

கண்முன் ஒளி நொடிப்பொழுதே தோன்றி மறைந்தாலும், குறிகை ஓரிரு வினாடிகள் கழித்தே எழுந்து, ஏறத்தாழ 5 அல்லது 6 வினாடிகளில் உச்சத்தை அடைகிறது. பின்னர் அடிநிலைக்குக் கீழே தாழ்ந்து, மெல்ல மீள்கிறது. இத்தாழ்வே கருத்து வேறுபாட்டின் களமாகும். 1998இல் பக்ஸ்டன் குழுவினர் முன்வைத்த பலூன் மாதிரி, விரிந்த சிரைகள் காலந்தாழ்த்திச் சுருங்குவதைக் காரணமாகக் கூறுகிறது. தூண்டல் நின்ற பின்னும் உயிர்வளி நுகர்வு தொடர்கிறது என்பது இரண்டாவது விளக்கம். நரம்புச் செயற்பாடும் அதனுடன் குருதியோட்டமும் அடிநிலைக்குக் கீழ் இறங்குகின்றன என்பது மூன்றாவது. மூன்றுமே ஒத்த வடிவமுடைய வளைகோட்டைத் தரவல்லன. ஆதலின், வளைகோட்டை மட்டும் சான்றாகக் கொண்டு நரம்புத் தடை நிகழ்ந்தது எனத் துணிதல் பொருந்தாது.

2001இல் லோகோதெட்டிஸ் குழுவினர் குரங்குகளின் பார்வைப் புறணியில் மின்பதிவையும் படிமத்தையும் ஒருங்கே மேற்கொண்டனர். அணுக்களின் துடிப்பைவிட அப்பகுதியின் புல மின்னழுத்தமே குறிகையுடன் சற்றுக் கூடுதலாக இயைந்தது. நரம்புத் தொடர்பு உண்டு என்பதற்கு இது வலிய சான்று; எனினும், தாழ்வின் காரணத்தை இது மட்டும் தீர்த்துவிடவில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. முதுமையும் குருதிக்குழாய் நோயும் குறிகையின் உயரத்தையும் வேகத்தையும் மாற்றக்கூடியவை. காப்பியிலுள்ள காஃபீன்கூட மூளைக் குருதியோட்டத்தைக் குறைக்கிறது. இளையோரிடம் பெற்ற வளைகோட்டை அளவுகோலாக்கி முதியோரையும் பக்கவாதமுற்றோரையும் மதிப்பிட்டால், குழாயின் தளர்ச்சி மூளையின் தளர்ச்சியாகப் பிழைபட வாசிக்கப்படும். குருதியோட்டத்தையும் மின்செயற்பாட்டையும் உடன் அளந்த பின்னரே தாழ்வுக்குப் பொருள் கூறுவது முறையாகும்.