பட்டம் துறந்த வழக்கறிஞர்

சிவகங்கை வழக்கறிஞர் எஸ். இராமச்சந்திரனை நம் தோழர்கள் மறந்தாரில்லை. மேடைதோறும் அவர் பெயர் ஒலிக்கிறது. ஆனால், எப்படி ஒலிக்கிறது? 1929 பிப்ரவரியில், சௌந்தரபாண்டியனார் தலைமையில், செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானம் வந்தது. இராமச்சந்திரன் சேர்வை, வெறும் இராமச்சந்திரனானார். அத்தோடு வரலாறு முற்றும்! நான்கே ஆண்டுகளில், 1933இல், அவர் மறைந்தார் என்று ஒரு வரி, பிறகு வாழ்த்தொலி.

துறந்ததைச் சொல்கிறார்கள், எந்த மண்ணில் நின்று துறந்தார் என்பதைச் சொல்வதில்லை. என் குறை அதுதான்.

அன்று சிவகங்கையும் காரைக்குடியும் இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. பர்மாத் தேக்கில் மாளிகைகள் எழுந்த அதே சீமையில், 1930 டிசம்பரில், ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டை அணியக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டமன்றி வேறு கலம் கூடாது. மீறினோர் குடிசைகள் எரிந்தன, களஞ்சியங்கள் அழிந்தன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. பெயரின் வாலில் தொங்கிய பட்டம் அங்கே வெறும் அலங்காரமா? சட்டை போடத் தகுந்தவன் எவன் என்று அறிவித்த அதிகாரச் சீட்டு அது! சிற்றூர் வழக்கறிஞர்க்கோ, கட்சிக்காரரை இழுத்துவரும் விளம்பரப் பலகையும் அதுவே.

அமெரிக்காவின் இங்கர்சாலை நம்மவர் நன்கறிவர். அவரும் வழக்கறிஞர், இல்லினாய் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராய் 1867 முதல் 1869 வரை இருந்தவர். மதத்தைச் சாடிய நாவினால் பெரும் பதவிகளை இழந்தவர் என்பர். உண்மையே. ஆனால், அவர் சாடியது குருமாரின் பீடத்தை. நம்மவர் உதறியதோ, பிறப்பு தமக்கே தந்த பீடத்தை. முன்னதற்கு நாவன்மை போதும். பின்னதற்கு உறவின்முறையின் முகச்சுளிப்பை நாள்தோறும் தாங்கும் நெஞ்சம் வேண்டும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து, ‘நம் நாட்டு இங்கர்சால்’ என்று புகழ்வதை நான் ஏற்கேன்.

இன்று பெயர்ப்பலகைகளில் பட்டம் இல்லை. வேட்பாளர் பட்டியல் எழுதும்போது மட்டும், தொகுதியில் எந்தச் சாதிக்கு எத்தனை வாக்கு என்று எண்ணுகிறார்கள். அவ்விடத்தில் இராமச்சந்திரன் பெயரைச் சொல்வார் யார்?

காரைக்குடி இளைஞர்க்கு ஒரு வேலை உண்டு. ‘குடி அரசு’ பழந்தொகுதிகளையும் நீதிமன்றப் பழங்கட்டுகளையும் புரட்டுங்கள். பட்டம் போனபின் அவர் வாசலுக்கு எவர் வந்தார், எவர் வராது நின்றார் என்று எழுதுங்கள்.